காலிக் கட்டங்கள்

பொகோட்டா ராணுவ மருத்துவமனையில்
எனக்கு ஜன்னல் இல்லாத ஓர் அறை.
கண்ணிவெடியை மிதித்தவர்கள்
என்னிடம் வரிகளாக வருகிறார்கள்.
ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு நாற்பத்தொரு கட்டம்:
ஏற்றிய ரத்தம் எத்தனை பை,
வெட்டியது முழங்காலுக்கு மேலா, கீழா.
பதினேழாவது கட்டம்
இறுக்குப்பட்டை கட்டிய நேரம்.

தொடையில் பட்டையை முறுக்கியவன்
அடிபட்டவனின் நெற்றியில் மணியை எழுத வேண்டும்.
அட்டை நனையும். சட்டையைக் கத்தரித்து எறிவார்கள்.
நெற்றி மட்டும் ஆளோடு வந்து சேரும்.
இரண்டு மணி நேரம் வரை கால் பொறுக்கும் என்கிறார்கள்,
பிறகு தசை தன் கணக்கைத் தானே முடிக்கத் தொடங்கும்.
தளர்த்துவதா, எடுத்துவிடுவதா?
அறுவை மேசையில் மேஜர் அர்போலேதா
முதலில் பார்ப்பது காயத்தை அல்ல.

ஐந்து வருடம். இருநூற்றெண்பது பேர்.
அறுபத்துமூன்று பேருக்குப் பதினேழாவது கட்டம் காலி.
"மழைதான்" என்றார் மேஜர்.
"காக்கெத்தா காட்டில் என்றைக்கு மழை இல்லை?
மை கரைந்திருக்கும்.
அவர்களை நீக்கிவிட்டு மீதியைக் கணக்குப் போடு."
எங்கள் படிப்பில் அதற்கு நாகரிகமான பெயர் உண்டு:
தற்செயலாய் விடுபட்டவை.

தற்செயல் என்றால்
கைதவறிக் கொட்டிய பயறு மாதிரி
எல்லாப் பக்கமும் உருண்டிருக்க வேண்டும்.
அறுபத்துமூன்று பேரையும் பிறந்த ஊர்ப்படி அடுக்கினேன்.
கிப்தோ. இஸ்த்மினா. கிப்தோ. தும்மாக்கோ. குவாப்பி.
கிப்தோ.
நாற்பத்தொன்பது பேர் பசிபிக் கரை.
ஊர் கேட்டுவிட்டா பெய்கிறது மழை?

யெய்லர் ரெந்தெரியாவை அழைத்தேன்.
காலியில், மோட்டார் சைக்கிள் பட்டறையில் இருந்தான்.
(காலி அந்த நகரத்தின் பெயர். நான் சிரிக்கவில்லை.)
நேரம் எழுதவில்லையா என்று கேட்டேன்.
"எழுதினான். பூஸ்தோஸ் எழுதினான்.
பேனா முனை எலும்பில் உரசியது இன்னும் ஞாபகம்.
கை நடுங்கியதால் இரண்டாம் முறையும் மேலே இழுத்தான்.
இரண்டே கால், இரண்டே கால் என்று
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே."
பின்னே ஏன் யாரும் படிக்கவில்லை?
எங்கோ ஒரு நட்டு கழலும் சத்தம்.
"டாக்டரம்மா, நீங்கள் என்னைப் பார்த்ததில்லை, இல்லையா?"
அப்புறம் சிரித்தான், எனக்காக, மெதுவாக.
"பேனா கறுப்பு.
நானும்தான்."

நாற்பத்தொரு கட்டத்தில் நிறத்துக்குக் கட்டம் இல்லை.
அதை நாங்கள் நியாயம் என்று நினைத்திருந்தோம்.

தலையெழுத்தை யாரால் படிக்க முடியும்
என்று எழுந்து போய்விடலாம்.
ஆனால் இதை எழுதியவன் பூஸ்தோஸ்,
பள்ளிக்கூடத்து எழுத்து,
ஏழைச் சுழித்து நடுவில் கோடு போடுகிறவன்.
எழுத்தும் இருந்தது. நெற்றியும் இருந்தது.
ஹெலிகாப்டரின் சிவப்பு விளக்கும்
எங்கள் கண்களும்தான் வேறெங்கோ இருந்தன.

அவன் மேசைக்கு வந்தது மூன்று ஐம்பத்திரண்டு.
கழித்துப் பார்த்தேன்: தொண்ணூற்றேழு நிமிடம்.
அவனிடம் சொல்லவில்லை.
கட்டத்தில் நிரப்பவும் இல்லை,
நினைவு ஆவணம் ஆகாது என்பது விதி.
காலை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்,
நேரம் தெரியாததால்,
பாதுகாப்பாக.

சலவை அறையில் இருபது பேர் முன்வந்தார்கள்.
சேறு பூசினோம், வியர்க்க ஓடவிட்டோம்,
விளக்கை அணைத்துச் சிவப்பைப் போட்டோம்.
கறுப்பு மை சிலரோடு நின்றுபோனது.
வெள்ளி மை மூன்றடி தள்ளியும் பேசியது.
மேஜர் ஒவ்வொரு நெற்றியாகக் குனிந்து படித்தார்,
உரக்க, சின்னப் பையனைப் போல.
கடைசி ஆளிடம் வந்தபோது அவருக்குக் குரல் வரவில்லை.

கட்டுரையில் அது ஒரே ஒரு வாக்கியம்.
அறுபத்துமூன்று கட்டமும் இன்னும் காலி.
நான் யாரையும் நீக்கவில்லை.

கிடங்குக்கு மனு எழுதினேன்:
வெள்ளிப் பேனா, ஆறாயிரம்.
காரணம் என்ற இடத்தில்
ஒரே ஒரு சொல்லுக்குத்தான் இடம் இருந்தது.
படிக்க.